இரண்டு பெட்டிகள், ஒரு கொள்ளையர் கப்பல்: மர மாதிரியும் பிளாஸ்டிக் மாதிரியும் – ஓர் ஒப்பாய்வு

கடற்கொள்ளையர் கப்பலின் மாதிரியைத் தன் கையால் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டு வகைப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்தால் லேசரால் வெட்டிய பிளைவுட் தகடுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், நூலுருண்டைகள், பித்தளைப் பீரங்கிகள் இருக்கும். இன்னொன்றில் சட்டத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறுப்புகள் வரிசை எண்ணிட்டு இருக்கும். மூடியின் மேல் இரண்டிலும் ஒரே படம்: கறுப்புக் கொடி, விரிந்த பாய், புகை கக்கும் பீரங்கி.

மரம் உயர்ந்தது, பிளாஸ்டிக் தாழ்ந்தது என்று பொத்தாம்பொதுவாகப் பேசும் வழக்கம் இந்தக் கலையில் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. இரண்டிலும் கட்டியிருக்கிறேன், இரண்டிலும் மெச்சத்தக்கவை இருக்கின்றன. ஆனால் பொருள் கொள்ளையர் கப்பல் என்றாகிவிட்டால் கேள்வி மாறுகிறது. கொள்ளையர் கப்பல் என்பது பிடித்து, உடைத்து, மாற்றிக் கட்டப்பட்ட கப்பல். எனவே எந்தப் பெட்டி கட்டுகிறவரை மாற்றிக் கட்ட விடுகிறது என்பதே இங்கே முதல் அளவுகோல். அழகு, நுணுக்கம், செலவு, காலம் எல்லாம் அதற்கு அடுத்தவை. இவற்றைக் கொண்டே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கொள்ளையர் கப்பல் எங்கிருந்து வந்தது?

கடற்படைக் கப்பலைக் கட்ட அரசு ஆணையிடும்; வரைபடம் போடும்; கணக்கு எழுதும். பிரிட்டிஷ் கடற்படையின் அத்தகைய வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1765இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'விக்டரி' போர்க்கப்பலோ போர்ட்ஸ்மத்தில் இன்றும் நிற்கிறது. ஐயம் வந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம்.

கொள்ளையர்களுக்குக் கப்பல் கட்டும் துறை ஏது? பிறர் கட்டியதைப் பிடித்தார்கள். பிளாக்பியர்ட் என்று பெயர் பெற்ற எட்வர்ட் டீச்சின் புகழ்மிக்க கப்பல் 'குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்'. அதன் பழைய பெயர் 'லா கன்கார்ட்'. பிரான்ஸின் நான்ட் துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களை ஏற்றிக்கொண்டு மார்ட்டினிக் தீவை நெருங்கிக்கொண்டிருந்த கப்பல் அது. 1717 நவம்பரில் டீச் அதைக் கைப்பற்றினான். பீரங்கிகளைக் கூட்டினான், பெயரை மாற்றினான். 1718 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை முற்றுகையிட்ட அந்தக் கப்பல், அடுத்த மாதமே வட கரோலினாவின் போஃபர்ட் முகத்துவாரத்தில் மணல்திட்டில் ஏறி உடைந்தது. கொள்ளையர் கப்பலாக அது வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. 1996 நவம்பரில் அதன் சிதைவு கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் வார்த்தவை, சுவீடனில் வார்த்தவை என வெவ்வேறு ஊர்ப் பீரங்கிகள் அதிலிருந்து மேலே வந்தன. கிடைத்த இடத்தில் கிடைத்ததை ஏற்றிக்கொண்ட கப்பல் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கொள்ளையன் சாமுவேல் பெல்லமியின் 'விடா' கப்பலின் கதையும் இதுவே. லண்டன் அடிமை வணிகர்களின் கப்பலாகப் புறப்பட்டது; 1717 தொடக்கத்தில் பெல்லமியிடம் சிக்கியது; அதே ஆண்டு ஏப்ரலில் கேப் காட் கரையருகே புயலில் மூழ்கியது. பார்த்தலமியூ ராபர்ட்ஸ் தான் பிடித்த கப்பல்களில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு 'ராயல் ஃபார்ச்சூன்' என்று ஒரே பெயரைச் சூட்டினான். அவற்றுள் கடைசியானது ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் 'ஆன்ஸ்லோ'. அதன் உட்தடுப்புகளை இடித்து, மேல்தளத்தை ஒரே மட்டமாக்கி, கொள்ளைக்கு ஏற்றபடி ராபர்ட்ஸின் ஆட்கள் திருத்திக்கொண்டார்கள் என்பதை 1724இல் வெளிவந்த, கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன் என்பவர் பெயரில் உள்ள கொள்ளையர் வரலாற்று நூல் சொல்கிறது.

நம் கடலுக்கும் இதில் பங்குண்டு. கொள்ளையராகப் பெயர்பெற்ற வில்லியம் கிட் 1698 ஜனவரியில் கேரளக் கரையை அடுத்த கடலில் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார். லண்டன் அருகே டெட்ஃபர்டில் கட்டப்பட்ட அவர் புறப்பட்டு வந்த கப்பலான 'அட்வென்சர் காலி' அதற்குள் ஒழுகத் தொடங்கியிருந்தது. மடகாஸ்கரை ஒட்டிய செயின்ட் மேரி தீவில் அதைக் கைவிட்டு, தேக்கால் ஆன இந்தக் கீழ்த்திசைக் கப்பலிலேயே கரீபியக் கடலுக்குத் திரும்பினார். 2007இல் டொமினிக்கன் குடியரசின் கட்டலினா தீவுக்கு அருகில் அதன் சிதைவு கிடைத்தது.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்று. கொள்ளையர் கப்பலுக்கு இரண்டு பிறப்பு. முதல் பிறப்பு ஏதோ ஒரு துறைமுகத்தில், ஏதோ ஒரு வணிகனுக்காக. இரண்டாம் பிறப்பு ஒரு தீவின் மறைவான கரையில், கோடரியும் ரம்பமும் பிடித்த கொள்ளைக்காரத் தச்சர்கள் கையில். இந்த இரண்டாம் பிறப்புக்கு வரைபடம் யாரும் போடவில்லை.

பெட்டிக்குள் இருப்பவை

மரப்பெட்டியில் இருப்பது பெரும்பகுதி மூலப்பொருள். கப்பலின் நீளவாட்டில் நிற்கும் ஒரு பிளைவுட் முதுகெலும்பு. கப்பலின் அடிக்கட்டையான ஏராவின் வேலையை அது செய்கிறது. அதன் வெட்டுகளில் செருகும் குறுக்குச் சட்டங்கள், கப்பலின் விலா எலும்புகளான வங்குகளின் இடத்தில். உடலை மூட, சற்றுத் தடித்த லைம் மரப்பட்டிகள் ஓர் அடுக்கு. அதன் மேல் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை மெல்லிய வால்நட் அல்லது சப்பேலிப் பட்டிகள் இரண்டாம் அடுக்கு. பாய்மரங்களுக்கு உருளைக் குச்சிகள். கப்பிகள், கயிறு கோக்கும் மரவில்லைகள், நூல். ஸ்பெயினின் ஆக்ரே நிறுவனத்தின் 1:100 அளவு 'பக்கனீர்', இத்தாலியின் அமாத்தி நிறுவனத்தின் 1:60 அளவு 'அட்வென்சர்' ஆகியவை இந்த வகைக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள்.

பிளாஸ்டிக் பெட்டியில் இருப்பது முடிந்த வடிவம். உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி எடுத்த இரண்டு உடல்பாதிகள், பலகைக் கோடு பொறித்த மேல்தளங்கள், வார்த்த பீரங்கிகள். உறுப்பைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறு நீக்கி, கரைப்பான் பசையால் ஒட்டி, வண்ணம் பூச வேண்டும்.

அந்த எஃகு அச்சைச் செய்ய ஆகும் செலவு மிக அதிகம். எனவே ஒருமுறை செய்த அச்சைப் பல ஆண்டுகள் பயன்படுத்துவார்கள். பெட்டியின் பெயரும் படமும் மட்டும் மாறும். அமெரிக்காவின் லிண்ட்பெர்க் நிறுவனம் வெளியிட்ட 'ஜாலி ராஜர்' என்ற கொள்ளையர் கப்பல், அதற்கு முன் 'லா ஃப்ளோர்' என்ற பெயரில் வந்த பிரெஞ்சு ஃபிரிகேட் போர்க்கப்பலின் அச்சு. அதே நிறுவனத்தின் 'கேப்டன் கிட்', உண்மையில் 'வாப்பன் ஃபோன் ஹாம்பர்க்'. ஹாம்பர்க் நகரம் தன் வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க அனுப்பிய துணைக்கப்பல்களின் பெயர் அது. இரண்டும் மாதிரி என்ற வகையில் தரமானவை என்று தேர்ந்தவர்கள் மதிக்கிறார்கள். ஆனால் கொள்ளையரை விரட்டப் போன கப்பலைக் கொள்ளையர் கப்பல் என்று நம்பிக் கட்டுகிறவருக்கு அந்தப் பெட்டி உண்மையைச் சொல்லவில்லை.

மரப்பெட்டிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. கொள்ளையரின் பொற்காலம் 1720களில் முடிந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் பிந்திய கப்பலின் வடிவத்துக்குக் கறுப்புக் கொடி கட்டி விற்பதை அங்கேயும் பார்க்கிறோம். வேறுபாடு இதுதான்: மரப்பெட்டியின் பிழையைக் கட்டுகிறவர் மேசையிலேயே திருத்த முடியும்.

உடல் எழும் விதம்

பிளாஸ்டிக்கில் உடல் ஒரு மாலையில் முடியும். இரு பாதிகளையும் பொருத்தி, ரப்பர் வளையத்தால் இறுக்கி, இணைப்பில் பசை ஓடவிட்டால் போதும். பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அணியம் எனப்படும் முன்பகுதியின் வளைவு சரியாகவே இருக்கும். அச்சு செய்தவரின் உழைப்பு அது.

மரத்தில் உடலுக்கே வாரங்கள் பிடிக்கும். முதுகெலும்புத் தகடு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்த முதுகெலும்பின் மேல் எவ்வளவு நேர்த்தியாகப் பலகை ஒட்டினாலும் கப்பல் கோணலாகத்தான் நிற்கும். பிறகு குறுக்குச் சட்டங்களைச் செங்கோணத்தில் நிறுத்தி ஒட்ட வேண்டும். அடுத்து அவற்றின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கப்பல் முன்னும் பின்னும் குறுகுவதால் அங்கே உள்ள சட்டங்களில் பட்டி விளிம்பை மட்டும் தொடும். முழு அகலத்திலும் படியாது. ஒரு மரப்பட்டியை மேலே கிடத்திப் பார்த்து, உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் தேய்த்து, மறுபடி கிடத்திப் பார்த்து, எல்லாச் சட்டங்களிலும் அது முழுதாகப் படியும் வரை இதைச் செய்ய வேண்டும்.

பட்டி ஒட்டும் வேலையில் ஒரு கணக்கு இருக்கிறது. நடுச்சட்டத்தின் விளிம்பு, அடியிலிருந்து மேல்வரை 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியின் அகலம் 5 மில்லிமீட்டர். ஆக 20 பட்டிகள் வேண்டும். அணியத்தின் அருகே உள்ள சட்டத்தில் அதே விளிம்பு 60 மில்லிமீட்டர்தான். அங்கேயும் அதே 20 பட்டிகள்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு பட்டியும் நடுவில் 5 மில்லிமீட்டராக இருந்து அணியத்தில் 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். பின்பக்கம் விளிம்பு 120 மில்லிமீட்டராக விரிந்தால் பட்டிக்கு 6 மில்லிமீட்டர் அகலம் தேவைப்படும், பட்டியோ 5தான். அங்கே விழும் இடைவெளியில் ஆப்பு வடிவத் துண்டு வைக்க வேண்டும். அணியத்தில் பட்டியின் அகலம் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பது கப்பல் தச்சரின் விதி. அதற்கும் மெலிந்தால் ஆணி நிற்காது.

இந்தக் கணக்கைச் செய்யாமல் பட்டிகளை முழு அகலத்தில் வளைத்து ஒட்ட முனைந்தால் மூன்றாவது நான்காவது பட்டியிலேயே விளிம்பு தூக்கிக்கொள்ளும். மரம் வளைய மறுக்கும் திசை ஒன்று உண்டு. பட்டியின் தட்டைப் பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. தண்ணீரில் ஊறவைத்து, சூடான இரும்பில் அழுத்தி, அதன் போக்கிலேயே கொண்டுபோய்ப் படியவைக்க வேண்டும். நான்ட்டிலோ லண்டனிலோ 300 ஆண்டுகளுக்கு முன் ஓக் பலகையை நெருப்பில் வாட்டி வளைத்த தச்சர் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. அந்தத் தச்சர் செய்த கணக்கை மர மாதிரி கட்டுகிறவர் தாமும் செய்கிறார். பிளாஸ்டிக் அந்தக் கணக்கின் விடையை மட்டும் தருகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி முறை உண்மைக் கப்பல் கட்டும் முறையின் நேர்ப்பிரதி அல்ல. உண்மைக் கப்பலில் வங்குகள் நெருக்கமாக, ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் நிற்கும். பெட்டியில் பத்துப் பன்னிரண்டு சட்டங்களோடு முடித்துக்கொள்கிறார்கள். பலகை இரண்டு அடுக்காக இருப்பதும், முதல் அடுக்கின் மேடுபள்ளங்களை நிரப்பித் தேய்த்து மறைப்பதற்குக் கண்ட வழிதான்.

அளவும் நுணுக்கமும்

இங்கே தராசு பிளாஸ்டிக் பக்கம் சாய்கிறது, தயங்காமல் சொல்லலாம்.

1:100 அளவில் 170 சென்டிமீட்டர் உயர மனிதன் 17 மில்லிமீட்டர் ஆகிவிடுவான். அந்த அளவில் 5 மில்லிமீட்டர் மரப்பட்டி என்பது உண்மைக் கப்பலில் அரை மீட்டர் அகலப் பலகை. அப்படிப்பட்ட பலகையால் எந்தக் கப்பலும் மூடப்படவில்லை. 1:60 அளவில் அதே பட்டி 30 சென்டிமீட்டர் ஆகி, நம்பும்படியான அளவுக்கு நெருங்கி வரும். வால்நட்டின் துளைகளும் ரேகைகளும் இயற்கையானவை என்றாலும் சின்ன அளவில் அவை பெருத்துத் தெரியும். உண்மைக் கப்பலில் கட்டைவிரல் நுழையும் பிளவுகள் போலத் தோன்றும்.

பிளாஸ்டிக் அச்சில் பலகைக் கோட்டை எவ்வளவு மெல்லியதாகவும் பொறிக்கலாம். பின்பக்கச் சாளரங்கள், சிற்ப வேலைப்பாடு, தூண்கள் எல்லாவற்றிலும் அது கூர்மையாக வரும். மரப்பெட்டியில் தரும் வெள்ளை உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் முகமும் கையும் மழுங்கியே இருக்கும். பிரான்ஸின் ஹெல்லர் நிறுவனம் 1:100இல் செய்த 'சொலேய் ருவாயால்' போன்ற அலங்காரக் கப்பலைப் பார்த்தால், பிளாஸ்டிக்கின் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும்.

ஆனால் பிளாஸ்டிக் மிகைப்படுத்தும் இடமும் உண்டு. மரம் என்று காட்டவேண்டிக் கப்பலின் உடலெங்கும் ரேகை பொறிக்கிறார்கள். 0.2 மில்லிமீட்டர் ஆழக் கோடு 1:130 அளவில் 26 மில்லிமீட்டர் பள்ளத்துக்குச் சமம். ஓரங்குலப் பள்ளமுள்ள பலகையோடு கப்பல் கடலுக்குப் போகாது. பூசுகிறவர் வண்ணத்தால் இதைத் தணிக்கலாம். மணல்நிற அடிப்பூச்சு, அதன் மேல் நீர்த்த பழுப்பு எண்ணெய் வண்ணம், உடனே துணியால் துடைப்பு. பள்ளத்தில் பழுப்பு தங்கும், மேட்டில் மணல்நிறம் நிற்கும். நல்ல கை இதைச் செய்தால் மூன்றடி தூரத்தில் மரமா பிளாஸ்டிக்கா என்று சொல்வது கடினம்.

அலங்காரத்தில் பிளாஸ்டிக் முந்துகிறது, சரி. கொள்ளையர் கப்பலுக்கு அலங்காரம் எவ்வளவு தேவை என்பதே அடுத்த கேள்வி. பிடித்தவை பெரும்பாலும் வணிகக் கப்பல்கள், அதிலும் ஸ்லூப் எனப்படும் ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்கள் மிகப் பல. 1718 நவம்பரில் ஒக்ராகோக் தீவருகே பிளாக்பியர்ட் கொல்லப்பட்டபோது அவன் இருந்ததும் 'அட்வென்சர்' என்ற ஸ்லூப்பில்தான். அரசக் கப்பலின் பொற்சிற்பங்களை இவற்றின் பின்புறத்தில் தேட வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கின் மிகப் பெரிய பலம் இந்தப் பொருளுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத பலம்.

மாற்றிக் கட்டுதல்

இனி முதல் அளவுகோலுக்கு வருவோம். ஒரு வணிகக் கப்பலைக் கொள்ளைக்கு ஏற்றபடி மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மேல்தளத்தின் மேல் எழும் பின்கட்டைக் குறைக்க வேண்டும். பீரங்கித் துளைகளைக் கூட்ட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதிக்குக் காலத்துக்கேற்ற பூச்சு வேண்டும்.

மரத்தில் பின்கட்டைக் குறைக்கும் வேலை, பட்டி ஒட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். குறுக்குச் சட்டங்களின் மேல்முனைகளில் ஒரு மெல்லிய பட்டியை அணியத்திலிருந்து பின்முனைவரை வளைத்துக் கட்டி, கண்ணுக்கு இனிதாக ஓடும் ஒரே வளைவு கிடைக்கும்வரை நகர்த்திப் பார்த்து, பென்சிலால் குறித்து, சிறு ரம்பத்தால் அறுத்துவிடலாம். ராபர்ட்ஸின் தச்சர்கள் 'ஆன்ஸ்லோ'வில் செய்த வேலையின் சிற்றுருவம் இது.

பீரங்கித் துளையை வெட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. துளைகளின் அடிவிளிம்பு நீர்மட்டக் கோட்டோடு ஓடாது. மேல்தளத்தின் வளைவோடு ஓடும். ஏனென்றால் பீரங்கி வண்டி தளத்தின் மேல் நிற்கிறது. தளத்திலிருந்து துளையின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். துளையின் பக்க விளிம்புகள் மட்டும் செங்குத்தாக நிற்கும். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகள் இறங்கும் இடத்துக்கு நேரே துளை வரக் கூடாது. வந்தால் முதல் வேட்டிலேயே தன் கயிறு தானே அறுந்துவிடும். இதையெல்லாம் யோசித்து மரத்தில் வெட்டலாம். தவறினால் அதே பட்டியின் துண்டால் அடைத்துத் தேய்க்கலாம். அடைத்த தடம் தெரிந்தாலும் கெடுதல் இல்லை. உண்மையிலும் அப்படித்தான் அடைத்திருப்பார்கள்.

பீரங்கிகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டியதில்லை. குயீன் ஆன்ஸ் ரிவெஞ்சின் சிதைவே அதற்குச் சாட்சி. நீளமும் தடிமனும் வேறுபடும் குழல்களைக் கலந்து வைப்பது இங்கே சரியான வரலாறு. அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு ஒட்டுவது மட்டும் தவறு. பிரிட்டிஷ் கடற்படையே 1761இல்தான் 'அலார்ம்' என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துச் சோதித்தது. 1718இன் கப்பலுக்குக் கொழுப்பும் கந்தகமும் கலந்த வெளிர்நிறப் பூச்சே பொருந்தும். கரையில் கப்பலைச் சாய்த்து, சிப்பியும் பாசியும் சுரண்டி, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடித்துப் பூசிய பூச்சு.

இவற்றைப் பிளாஸ்டிக்கிலும் செய்ய முடியாதா? முடியும். அறுக்கலாம், பிளாஸ்டிக் தகட்டால் அடைக்கலாம், புட்டி பூசித் தேய்க்கலாம். ஆனால் தேய்த்த இடத்தில் பொறித்த பலகைக் கோடுகள் அழிந்துபோகும். அவற்றைத் திரும்பக் கீற வேண்டும். உடலின் உள்ளே தளத்தைத் தாங்கும் மேடுகள் அச்சோடு வார்த்தவை. தளத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால் அவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அச்சு செய்தவரோடு நடத்தும் போராட்டம் ஆகிறது. மரத்தில் மாற்றமும் கட்டுமானமும் ஒரே வேலை, ஒரே கருவி.

பாய்மரமும் கயிறும்

பிளாஸ்டிக் பாய்மரம் வளையும். பக்கக் கயிறுகளை இறுக்கிக் கட்டினால் உச்சி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தளர்த்திக் கட்டினால் கயிறு தொய்யும். அனுபவப்பட்டவர்கள் மேல்பகுதிகளை மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ மாற்றிவிடுவார்கள். வார்த்த கயிற்றேணிகள் மிகத் தடித்தவை. அவற்றை விலக்கிவிட்டு நூலால் கட்டுவதே நல்லது. ஆக, கயிறு வேலைக்கு வரும்போது நல்ல பிளாஸ்டிக் மாதிரியும் பாதி மரவேலையாகிவிடுகிறது.

மரத்தில் உருளைக் குச்சியை மேல்நோக்கி மெலியச் செய்து பாய்மரம் ஆக்குகிறோம். பாயைத் தாங்கும் குறுக்குக் கம்புகளான பருமல்கள் நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிய வேண்டும். குச்சியை முதலில் எண்கோணமாகச் சீவி, பிறகு உருட்டித் தேய்த்தால் சீரான மெலிவு கிடைக்கும். கயிற்றில் இரண்டு வகை உண்டு. பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். அவற்றுக்குக் கருநிற நூல். பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகளுக்கு இளம்பழுப்பு நூல். கட்டுவதற்கு முன் நூலைத் தேன்மெழுகின் மேல் இழுத்தால் பிசிறு படியும், ஈரமும் அதிகம் ஏறாது. 1:100 அளவில் அரை மில்லிமீட்டர் நூல் என்பது 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள வடம் என்பதை மனத்தில் வைத்து, மேலே போகப்போக மெல்லிய நூலுக்கு மாற வேண்டும். பெட்டியில் தரும் நூலின் வகைகள் போதாமல் போவது இரண்டு தரப்புக்கும் பொதுவான குறை.

காலமும் செலவும் இடமும்

பிளாஸ்டிக்கை வாரக் கணக்கில் முடிக்கலாம். மரத்துக்கு மாதக் கணக்கு. பிளாஸ்டிக் பெட்டி பொதுவாக விலை குறைவு. வண்ணம், தூரிகை, பிரைமர் தனிச்செலவு. மரத்துக்குக் கத்தி, சிறு ரம்பம், உப்புத்தாள், கிளிப்புகள், வெள்ளைப் பசை போதும், மின்கருவி கட்டாயமில்லை. நல்ல தச்சரின் கருவிப்பெட்டியில் உள்ளவையே பெரும்பாலும் போதுமானவை.

கடலோர ஊர்களில் மரம் கட்டுகிறவர்கள் பருவத்தைக் கவனிக்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் ஊதிய பட்டியை அப்படியே ஒட்டினால் கோடையில் சுருங்கி இடைவெளி காட்டும். ஊறவைத்து வளைத்த பட்டியை முழுதாகக் காயவிட்டே ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஈரம் பகை அல்ல, வெயில்தான் பகை. சாளரத்தோரம் வைத்த மாதிரி காலப்போக்கில் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை பெறும். இரண்டுக்கும் கண்ணாடிப் பேழை வேண்டும். தூசி படிந்த கயிற்றேணியைத் துடைப்பது அதைக் கட்டுவதைவிடக் கடினம்.

தீர்ப்பு

அலங்காரம் மிகுந்த அரசக் கப்பல், வரைபடம் உள்ள போர்க்கப்பல், சிறிய அளவில் துல்லியம் ஆகியவை வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கைத் தயங்காமல் எடுக்கலாம். கயிறு வேலை பழக நினைக்கும் இளையவருக்கும் அது நல்ல தொடக்கம். கொள்ளையர் கப்பல்தான் வேண்டும் என்றால் மரமே என் தேர்வு. வரைபடம் இல்லாத கப்பலை யாரும் முழுதாக அச்சில் வார்த்துத் தர முடியாது. அது முதலில் என்னவாக இருந்தது, பிடித்தவர்கள் அதை என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்து, கட்டுகிறவரே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளுக்கு மரம் கடைசிவரை இடம் தருகிறது.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலில், மூடியின் படத்தை நம்பாமல் உடலின் வடிவத்தைப் பாருங்கள். அது எந்தக் காலத்து, எந்த நாட்டு, எந்த வகைக் கப்பல் என்று தேடுங்கள். சுவீடனின் கப்பல் கட்டுநர் சாப்மன் 1768இல் வெளியிட்ட 'ஆர்க்கிடெக்டுரா நவாலிஸ் மெர்க்கடோரியா' என்ற வரைபடத் தொகுப்பு, வணிகக் கப்பல்களையும் தனியார் போர்க்கப்பல்களையும் ஸ்லூப்களையும் அளவோடு காட்டுகிறது. கொள்ளையர் காலத்துக்கு அரை நூற்றாண்டு பிந்தியதுதான் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல துணை அரிது.

இரண்டாவது வேலை பெயர்ப்பலகை பற்றியது. டீச் பிடித்தபோது 'லா கன்கார்டி'ல் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டு ஏற்றிவந்த 455 பேர் இருந்தார்கள். வழியில் 61 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரெஞ்சு மாலுமிகளோடு பெக்கியா தீவில் இறக்கிவிட்டு, கப்பலைக் கொண்டுபோனான். இறக்கப்பட்டவர்களுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. மார்ட்டினிக்குக்குக் கொண்டுபோய் விற்கப்பட்டார்கள். கறுப்புக் கொடியின் சாகசக் கதையில் இவர்கள் வருவதில்லை. நாம் கட்டும் கப்பலில் இவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஆகவே மாதிரியின் அடியில் 'குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று எழுதினால், அதற்கு மேல்வரியில் 'லா கன்கார்ட், நான்ட், அடிமைக் கப்பல்' என்றும் எழுதுங்கள். அந்த இரண்டு வரிகளும் சேர்ந்தால்தான் மாதிரி முழுமை பெறும்.